பார்க்காமல் எழுதிய சீட்டுகள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிப்போய் வரும் பெண்களைப் பற்றி மருத்துவ மாநாடுகளில் பேச்சு வந்தால், நாங்கள் தவறாமல் ஒன்றைச் சொல்வோம்: "நம் பெண்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள்." காரணங்களும் எங்களுக்கு மனப்பாடம். கூச்சம், அறியாமை, வறுமை, வீட்டு வேலை, கணவரின் அலட்சியம். மேடையில் இருப்பவர் சொல்லச் சொல்லக் கீழே இருப்பவர்கள் தலையாட்டுவோம். மகளிர் நலப் பிரிவிலேயே காலம் கழித்தவள் நான். எங்கள் தலைமுறை மருத்துவர்களையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சு எங்களைக் காப்பாற்றிக்கொள்ள நாங்கள் கண்டுபிடித்த பேச்சு. எத்தனையோ பெண்கள் நோய் சிறிதாக இருந்தபோதே வந்தார்கள். கூச்சத்தை விட்டு வாய்திறந்து சொன்னார்கள். நாங்கள் பார்க்காமலே மருந்து எழுதி அனுப்பினோம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இட்லிக்கடை போட்டிருந்த ஓர் அம்மா வந்தார். 52 வயது. தீட்டு நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்களிடம் வந்தபோது கட்டி இடுப்பெலும்புச் சுவர்வரை பரவி, சிறுநீர்க் குழாய்களை நெரித்து, சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. மூன்றாம் கட்டம். பயிற்சி மருத்துவர் வழக்கம்போல, தாமதமாக வந்த நோயாளி என்று கேஸ் ஷீட்டில் எழுதப்போனார். அந்த அம்மா மடியில் வைத்திருந்த மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். "எங்கம்மா லேட்டா வந்தேன்? இந்தா பாருங்க" என்றார்.

ஓபி சீட்டுகள், மருந்துக்கடை பில்கள், ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். தேதிவாரியாக அடுக்கினோம். முதல் சீட்டு ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. வெள்ளைப்படுதல், வாடை என்று ஒரு வரி. அதற்குக் கீழே பச்சை கிட். அடுத்த சீட்டிலும் அதே புகார், அதே கிட். பிறகு இடுப்பு வலி: வலி மாத்திரை, கால்சியம். பிறகு ஒரு தனியார் கிளினிக்: உதிரம் படுகிறது என்று சொல்லியிருக்கிறார், ரத்தத்தை நிறுத்தும் மாத்திரை. அதற்கடுத்து ரத்தசோகைக்கு இரும்புச்சத்து. கடைசியில் ஸ்கேன்: கர்ப்பப்பை லேசாகப் பெரிதாக இருக்கிறது, மற்றபடி இயல்பு. ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவரின் கையெழுத்து இருந்தது. கர்ப்பப்பை வாயைப் பார்க்க உதவும் கருவியான ஸ்பெகுலத்தைப் போட்டுப் பார்த்ததாக ஒரு சீட்டிலும் ஒரு வரி இல்லை.

பச்சை கிட் என்றால் என்னவென்று அரசு மருத்துவமனைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பால்வினைத் தொற்றுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வெள்ளைப்படுதலுக்கென்று தரும் மருந்துப் பொட்டலம். உள்ளே செக்னிடசோலும் ஃப்ளுகோனசோலும் இருக்கும். தொற்றாக இருந்தால் நன்றாகவே கேட்கும். ஆனால் அதைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஸ்பெகுலம் போட்டுக் கர்ப்பப்பை வாயைப் பார்க்க வேண்டும் என்று அதே திட்டத்தின் வழிகாட்டி சொல்கிறது. நாங்கள் அந்த வரியை விட்டுவிட்டுப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். தனியார் மருத்துவமனைகளில் பொட்டலம் கிடையாது. அங்கே அதே மாத்திரைகளைத் தனித்தனியாக எழுதினோம்.

இந்த உறுப்பை நோய் பிடித்தால் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். மூளையையோ கணையத்தையோ வெறும் கண்ணால் பார்க்க முடியாது. கர்ப்பப்பை வாயைப் பார்க்கலாம். ஒரு மேஜை, ஒரு விளக்கு, கொதிக்கவைத்த ஒரு ஸ்பெகுலம், ஒரு ஜோடி கையுறை. நோய் வளர்ந்திருந்தால் காலிஃப்ளவர் மாதிரி கண்ணெதிரே நிற்கும், விரல் பட்டால் ரத்தம் கசியும். வளரும் முன்பே தெரிய வேண்டுமென்றால் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மாறிவிட்ட செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் திட்டுப்போடும். ஆனால் நாங்கள் ஸ்கேனுக்கு எழுதிப் பழகிவிட்டோம். வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் ஆரம்பநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் தெரியாது. இது எங்களுக்குப் பாடத்திலேயே சொல்லித் தரப்பட்டது. தெரிந்திருந்தும் "ஸ்கேன் நார்மல்தான், பயப்படாதீங்க" என்றோம். அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பிப் பெண்கள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள்.

ஏன் பார்க்கவில்லை? கூட்டம் ஒரு காரணம். அதை நான் மறுக்கவில்லை. காலை ஓபியில் இரண்டு மருத்துவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பன்னிரண்டு மணிக்குள் நூறு பேரைத் தாண்ட வேண்டும். பரிசோதனைக் கட்டில் கிழிந்த ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கும். விளக்கு இருந்தால் பல்பு இருக்காது. ஸ்பெகுலங்கள் லேபர் வார்டில் இருக்கும். பல்பு வேண்டும் என்று இண்டென்ட் போட்டு, வராமல்போய், மறுபடி போடாமல் விட்டவர்கள் நாங்கள். பிரசவ அறையில் ஒரு விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே சத்தம் போட்டிருப்போம்.

இன்னொரு காரணத்தை நாங்கள் யாரும் மேடையில் சொன்னதில்லை. கூச்சம் என்கிறோமே, அந்தக் கூச்சத்தில் பெரும்பங்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் பிரசவ அறைகள். இருபத்திரண்டு வயதில் வலியில் கத்திய பெண்ணிடம் "படுக்கும்போது இனிச்சுதா, இப்ப கத்துறே" என்று சொன்ன வாய்கள் எங்களுடையவை. தொடையில் அடித்துக் காலை அகட்டச் சொன்னோம். திரையில்லாத அறையில், சொல்லாமல் கொள்ளாமல் விரல் விட்டுப் பார்த்தோம். ஒரு பெண்ணை மாணவர்கள் வரிசையாகப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது 45 வயது. "மேல ஏறிப் படும்மா, உள்ள பாக்கணும்" என்றால் அவர் உடம்பு இறுகுகிறது. "மாத்திரை மட்டும் குடுங்க டாக்டர்" என்கிறார். நாங்களும் வேலை மிச்சம் என்று எழுதிக் கொடுக்கிறோம். பிறகு அதற்குக் கூச்சம் என்று பெயர் வைத்து மாநாட்டில் ஒரு ஸ்லைடில் போடுகிறோம்.

பிரசவம்வரை நாங்கள் பெண்ணை விடுவதே இல்லை. கர்ப்பம் என்று தெரிந்ததும் அரசின் கர்ப்பப் பதிவான பிக்மி எண். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவார். தடுப்பூசி, இரும்புச்சத்து, ஸ்கேன் தேதி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் அதைச் செய்துகொண்டவர்கள், பெரும்பாலோர் இருபதுகளிலேயே. அதற்குப் பிறகு அவர்களுடைய கர்ப்பப்பையில் அரசாங்கத்துக்கும் எங்களுக்கும் ஒரு வேலையும் இல்லாமல் போய்விடுகிறது. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, உடல் அதை விரட்ட முடியாமல் போய், அது புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும். நோய் மெதுவாக வளரும் காலமும் நாங்கள் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்காத காலமும் ஒன்றே. மகப்பேறு உதவிக்குப் பெயர் தந்த அதே முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அடையாறில் அவர் தொடங்கியது புற்றுநோய் மருத்துவமனை. அவருடைய அந்தப் பாதியை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நாங்கள் கொண்டுவரவே இல்லை.

முடியாத காரியமா என்றால், நம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 2000-லிருந்து 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையத்தோடு சேர்ந்து புற்றுநோய் ஆய்வாளர் டாக்டர் சங்கரநாராயணனின் குழு ஓர் ஆய்வை நடத்தியது. 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களை அந்த அசிட்டிக் அமிலச் சோதனைக்கு அழைத்தார்கள். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 31,343 பெண்கள் வந்தார்கள், அதாவது அழைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர். கூச்சப்படுகிறார்கள் என்று நாங்கள் சொல்லும் அதே கிராமத்துப் பெண்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கே, பரிசோதனை இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. உலகமே படித்தது.

ஒப்பீட்டுக்காக வைத்திருந்த ஊர்களின் பெண்களுக்குப் பரிசோதனை இல்லை; அங்கே வழக்கத்தில் இருந்த மருத்துவக் கவனிப்பே தொடர்ந்தது. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் அது சரியா என்று பிற்பாடு பெரிய விவாதம் எழுந்தது; எழ வேண்டிய விவாதம்தான். எனக்கு அதில் உறுத்துவது வேறொன்று. அந்த ஊர்களில் வழக்கத்தில் இருந்த கவனிப்பு என்பது கவனிப்பே இல்லாத நிலை. அதைத்தான் நாங்கள் தமிழ்நாடு முழுவதும் நடத்திக்கொண்டிருந்தோம்.

அதே 2007-ல் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோடித் திட்டமாகப் பரிசோதனையைத் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. நல்ல திட்டம். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் ஒருமுறையாவது சோதித்துக்கொண்டதுண்டா என்று கேட்டபோது, தமிழ்நாட்டில் ஆம் என்றவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9 சதவீதம் என்பதால் நாங்கள் முதல் வரிசையில் இருப்பதாகப் பெருமைப்பட்டோம். பத்தில் ஒன்பது பெண்களை யாரும் பார்க்கவில்லை. 2022-க்கான மதிப்பீட்டின்படி அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்.

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்று 1980களில் முதலிடத்தில் இருந்தது. இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. எங்கள் உரைகளில் இதையும் சாதனையாகச் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் காரணங்கள் வேறு: பெண்கள் தாமதமாக மணந்தார்கள், குறைவாகப் பெற்றார்கள், வீட்டில் தண்ணீரும் குளியலறையும் வந்தன. பரிசோதனை இவ்வளவு சொற்பமாக நடந்த ஊரில் இந்தக் குறைவுக்கு நாங்கள் உரிமை கொண்டாட முடியாது.

கர்ப்பப்பை வாயோடு எங்கள் கணக்கு தீரவில்லை. தீட்டு நின்ற பெண்ணுக்கு மறுபடி ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டாக இருந்தாலும், கர்ப்பப்பை உள்சுவரைச் சோதித்தே ஆக வேண்டும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது புற்றாக இருக்கும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் பெருகிவிட்ட நம் ஊரில் இது கூடிக்கொண்டே போகிறது. நாங்கள் என்ன சொன்னோம்? "சூடா இருக்கும்மா, மோர் குடிங்க." "வயசானா அப்படித்தான்." வார்டு செவிலியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பாட்டி திரும்ப வயசுக்கு வந்துட்டாங்க" என்றார். நாங்களும் சிரித்தோம். அந்தப் பாட்டியும் சிரித்தார், வேறென்ன செய்வார்.

சினைப்பைப் புற்று இன்னும் கொடியது. அதற்குப் பொதுவில் செய்துபார்க்க நம்பகமான முன்பரிசோதனை இல்லை, அதைக் கண்டுபிடிப்பது பெண் சொல்வதைக் கேட்பதில்தான் இருக்கிறது. வயிறு உப்புகிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, புடவை இடுப்பில் நிற்கவில்லை. மகளிர் நலப் பிரிவுக்கு அவர் வருவதற்குள் பொது மருத்துவர், வயிற்று மருத்துவர் என்று சுற்றியிருப்பார். கேஸ் டிரபிள், அல்சர் என்று பேண்டோப்ரசோல் மாத்திரை. வயிற்றில் நீர் கோத்த பிறகு, காசநோயாக இருக்கும் என்று திசுச் சோதனையே இல்லாமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்ததும் உண்டு.

திருமணமாகாத பெண்ணை நாங்கள் நடத்திய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரி முதல் வருடம் படிக்கும் பெண் ஒருத்தி. வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. அம்மா அழைத்துவந்தார். அவளை நிற்கவைத்து நாங்கள் கேட்ட முதல் கேள்வியே காதல் கீதல் உண்டா என்பதுதான். சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்தோம். அது செய்ய வேண்டிய சோதனைதான். ஆனால் அதை எடுத்துச்சொல்லிச் செய்யவில்லை, விசாரணை போலச் செய்தோம். கர்ப்பம் இல்லை என்றதும் அம்மாவுக்கு உயிர் வந்தது, எங்களுக்கும் ஆர்வம் போய்விட்டது. பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினோம். அந்த வயதில் சினைப்பையில் வரும் கட்டிகள் பல, நேரத்தில் பிடித்தால் முழுதாகக் குணமாகக்கூடியவை. ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்து, கீமோ கொடுத்து, பின்னால் குழந்தையும் பெறலாம். அவள் திரும்பி வந்தபோது மூச்சுவிடச் சிரமப்பட்டாள். நல்லவேளை, சிகிச்சை கேட்டது. மாதங்கள் கழித்து ரிவியூவுக்கு வந்தவள் என்னிடம் கேட்டாள்: "அன்னிக்கு என்னைத் தப்பானவன்னு நெனச்சீங்கல்ல மேடம்?" நான் இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், பார்க்காமலே கர்ப்பப்பையை எடுத்ததும் நாங்கள்தான். "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி எதுக்கு இது, எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு." கர்ப்பப்பை வாய்ச் செல்களைச் சோதிக்கும் பேப் ஸ்மியர் எடுக்காமல், கர்ப்பப்பை வாயைப் பார்க்காமல், ரத்தப்போக்கு என்றதும் தேதி கொடுத்தோம். காப்பீட்டு அட்டை இருந்தால் இன்னும் சீக்கிரம். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதித்த நோயியல் மருத்துவர் அதில் புற்று இருப்பதாக எழுதுவார். அதற்குள் வயிறு தைத்து முடிந்திருக்கும். புற்றுக்கான அறுவை சிகிச்சை வேறு மாதிரி, சுற்றியுள்ள திசுக்களையும் சேர்த்து எடுப்பது. அரைகுறையாகச் செய்தபின் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும். எடுத்த உறுப்பைச் சோதனைக்கே அனுப்பாத இடங்களும் உண்டு.

இப்போது எல்லோரும் தடுப்பூசி பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டும். இலங்கை 2017-லிருந்து பள்ளிச் சிறுமிகளுக்கு அதைத் தேசியத் திட்டமாகவே போடுகிறது. சிக்கிம் 2018-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2025 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு அறிவித்தார்கள். என் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராமல் போகலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் தடுப்பூசிப் பேச்சில் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் காணாமல் போகிறார்கள். அவர்களுக்கு ஊசி பெரிதாக உதவாது. அவர்களை இன்னும் இருபது, முப்பது வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மருத்துவத் துறை மனம்வைத்தால் என்ன செய்யும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் தணிக்கைக்கு வரும். எத்தனை மணிக்கு வலி கண்டது, முதலில் யார் பார்த்தார், ரத்தம் இருந்ததா, ஏன் அனுப்பினீர்கள், ஆம்புலன்ஸ் எப்போது கிளம்பியது என்று நிமிடக் கணக்கில் கேட்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும் முன் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2001–03-ல் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20-ல் 54 ஆனதற்கு அந்தக் கேள்விகளும் ஒரு காரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ஒரு பெண் இறந்தால் எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. முதலில் எங்கே போனார், யார் சீட்டு எழுதினார், உள்ளே பார்த்தார்களா என்று ஒரு கேள்வி இல்லை.

கேள்வி எழுந்த நாடும் உண்டு. அயர்லாந்தில் விக்கி ஃபீலன் என்ற பெண்ணுக்கு 2011-ல் எடுத்த ஸ்மியரில் ஒன்றுமில்லை என்று தவறாகச் சொன்னார்கள். 2014-ல் புற்று தெரிந்தது. பழைய ஸ்மியரை மறுபடி பார்த்துத் தவறு என்று கண்டும் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இழப்பீட்டோடு வாயை மூடிக்கொள்ளச் சொன்னபோது அவர் மறுத்து, 2018-ல் வெளியே வந்து பேசினார். அவரைப் போல இன்னும் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தது தெரியவந்தது. 2019 அக்டோபரில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அங்கே பரிசோதனையாவது நடந்தது, தவறும் பதிவில் இருந்தது. இங்கே பதிவே இல்லை. எங்கள் ஓபி பதிவேட்டில் பெயரும் வயதும்தான் இருக்கும். வந்த தேதிகளும் எழுதிய மருந்துகளும் அந்தப் பெண்களின் பைகளில்தான் இருக்கின்றன.

அதனால் நான் கேட்பது தணிக்கை. மூன்றாம், நான்காம் கட்டத்தில் வரும் ஒவ்வொரு பெண்ணின் வழியையும் பின்னோக்கித் தேட வேண்டும். முதன்முதலாக என்றைக்குச் சொன்னார், யாரிடம் சொன்னார், அந்த அறையில் கட்டிலும் விளக்கும் இருந்தனவா, பார்க்காமல் விட்டது ஏன். அரசு, தனியார் இரண்டையும் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணோ அவர் வீட்டாரோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்குப் போடுவார்கள், பெயர் கெடும் என்று எங்கள் சங்கங்களில் எதிர்ப்பு வரும், வரட்டும். தண்டிப்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. எந்த அறையில் பல்பு இல்லை என்று தெரிந்தால் வாங்கி மாட்டலாம். எந்த ஊர்ச் செவிலியருக்குப் பயிற்சி இல்லை என்று தெரிந்தால் கொடுக்கலாம். அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. ஒவ்வொரு மகளிர் நலப் பிரிவும் போன வருடத்தில் முற்றிய நிலையில் வந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துவைத்து, உயிரோடிருப்பவர்களைக் கூப்பிட்டு, பைகளில் உள்ள சீட்டுகளை வாங்கித் தேதிவாரியாக அடுக்கலாம். ஒரு மேஜையும் ஒரு மத்தியானமும் போதும்.